குதிரைச் சேணமும் மறைக்கப்பட்ட உழைப்பும்: சிற்றுரு ஆக்கம் பற்றிய ஒரு நோக்கு

பண்டைக் குதிரைகளின் சேணம், கடிவாளம், வார் ஆகியவற்றை ஆராய்ந்து சிற்றுருவில் மீள ஆக்கும் முயற்சி வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கப்படுவதுண்டு. எனினும் அது எழுப்பும் வினா இலக்கிய ஆய்வாளனுக்கும் உரியதாகும். தோல் மக்கி மறைந்தபின் எஞ்சும் ஏட்டுச் சான்றுகளும் கற்சான்றுகளும் எவ்வர்க்கத்தின் பார்வையை நமக்குத் தருகின்றன?

குதிரை தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் கடல்வழி வந்த விலையுயர்ந்த பண்டம். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை கூறும். அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனனும் குத்திகனும் குதிரை வணிகன் ஒருவனின் மைந்தர் என்கிறது மகாவம்சம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாடு பற்றி எழுதிய மார்க்கோ போலோ, குதிரைகளுக்காகப் பெரும்பொருள் செலவிடப்பட்டதையும், பேணும் முறை அறியாமையால் அவை மடிந்ததையும் குறிப்பிடுகிறார். குதிரையோடு தொடர்பற்றதெனினும், புல்மோட்டைக்குத் தெற்கேயுள்ள திரியாய் வடமொழிக் கல்வெட்டும் வணிகக் கூட்டத்தாரின் பெயரையே பேணுகின்றது. அரசனும் வணிகனும் பெயர் பெற்றனர்; வார் அறுத்துத் தைத்தவன் பெயர் பெறவில்லை.

அவன் இலக்கியத்தில் முற்றாக இல்லாமலும் இல்லை. புறநானூற்று 82ஆம் பாடலில், கட்டிலுக்கு வார் பிணிப்பவனின் ஊசி விரைவு மன்னனின் போர் விரைவுக்கு உவமையாகின்றது. அவன் கைத்திறனைக் கூர்ந்து நோக்கிய புலவர், அவனை இழிந்தவன் எனும் பொருள்படும் சொல்லாலேயே சுட்டுகிறார். உழைப்பு வியக்கப்படுகிறது, உழைப்பாளி தாழ்த்தப்படுகிறான். இம்முரண்பாடு தற்செயலானதன்று.

சிற்பங்களை மட்டும் நம்பும் சிற்றுருவாளர் இப்பார்வையையே மீளவும் படியெடுக்கின்றனர். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபக் குதிரைகள் விசயநகரக் காலத்தவை. அவற்றின் அணிகளைச் சங்ககாலக் குதிரைக்குப் பூட்டுவது காலவழுவாகும். கி.மு. முதலாம் நூற்றாண்டுச் சாஞ்சிச் சிற்பங்களில் கால்விரல் நுழைக்கும் வளையமே காணப்படுகின்றது. முழுப்பாதம் ஊன்றும் இரட்டை அங்கவடிக்குரிய தொடக்கச் சான்றுகள் சீனத்தில் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவிலேயே கிடைக்கின்றன.

மேலும், கல்லில் செதுக்கிய வார் எதையும் இழுப்பதில்லை. தோல்வார் இழுக்க வேண்டும். ஒன்பதில் ஒரு பங்கு அளவில் 27 மில்லிமீற்றர் அகல வார் 3 மில்லிமீற்றராகும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள தோலை அதில் மூன்றிலொரு மில்லிமீற்றராகச் சீவ வேண்டும். வயிற்றுவார் எங்கே தொடங்குகிறது, எங்கே இறுகுகிறது, சேணம் பின்னே நழுவாது மார்புவார் எவ்வாறு தடுக்கிறது, கடிவாள இரும்பு குதிரையின் பற்களற்ற ஈற்றிடைவெளியில் எவ்வாறு அமர்கிறது என வினவாமல் அதனை ஆக்க இயலாது. அணிகலனாகத் தோன்றிய ஒவ்வொன்றும் அப்போது தொழிற்கருவியாகப் புலப்படும்.

இவ்வினாக்கள் தோல் வினைஞன் நாள்தோறும் தன் கையால் விடைகண்டவை. ஆகவே சிற்றுரு ஆக்கத்தின் ஆய்வுப் பெறுமானம், வீரனின் பொலிவை மீட்பதிலன்று. ஏடும் கல்லும் பதியாது விட்ட தொழிலறிவை மீட்பதிலேயே தங்கியுள்ளது. நமது இலக்கிய ஆய்வும் உவமையின் அழகைப் பாராட்டுவதோடு நில்லாது, அவ்வுவமைக்குள் குனிந்திருந்து தைப்பவனின் வரலாற்றை எழுத முற்படல் வேண்டும்.