முதலில் பாயிண்ட், பிறகு கார்பரேட்டர்

மாரிஸ் மைனர் ஏற்றத்தில் திணறினால் பலருடைய கை முதலில் போவது எஸ்.யூ. கார்பரேட்டரின் ஜெட் நட்டுக்குத்தான். ஆசை புரிகிறது; பிஸ்டனும் ஊசியும் ஜெட்டும் கண்ணெதிரே இயங்கும் அழகு அது. ஆனால் எரிபொருள் கோளாறு என்று பேர் வாங்குவதில் பெரும்பகுதி டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள், பாயிண்டில் உட்கார்ந்திருக்கிறது. லூக்காஸ் பாயிண்டின் இடைவெளி சுமார் 0.015 அங்குலம். கேமில் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். இழுவை குறைந்து எஞ்சின் சூடேறும்போது, பெட்ரோல் போதவில்லை என்றே ஓட்டுபவருக்குத் தோன்றும். கண்டன்சர் சோர்ந்தாலோ பாயிண்ட் முகத்தில் தீ பறந்து குழி விழும், பிளக்கின் நீலப் பொறி மஞ்சளாகும், கார்பரேட்டர் வழியே ‘டப்’பென்று வெடிக்கும். உடனே ஜெட்டை இறக்கிப் பெட்ரோலைக் கூட்டுவார்கள். இருந்த கோளாறு அப்படியே இருக்க, பிளக்கில் கரி படிவதுதான் மிச்சம்.

எரிபொருள் பக்கம் கோளாறே வராதா என்றால், வரும். மிதவை வால்வில் தூசி சிக்கும். டாஷ்பாட்டில் எண்ணெய் வற்றினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி தயங்கும். ஆனால் அவை தம்மை மறைத்துக்கொள்வதில்லை. பெட்ரோல் வற்றும் எஞ்சின் தேம்பித் தேம்பி ஓயும். பொறி அறுந்தது சட்டென்று அணையும். பொறி சரியென்று உறுதியான பிறகு பிஸ்டனை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் போதும்: வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், விழுந்தால் குறைவு, ஒரு கணம் ஏறித் தணிந்தால் சரி. இவ்வளவு நேர்மையான கார்பரேட்டரை ஆதாரமில்லாமல் சந்தேகிப்பது அநியாயம். பெட்ரோலை அனுப்பும் எஸ்.யூ. மின்பம்புக்குள்ளும் ஒரு பாயிண்ட் இருக்கிறது. அதன் ‘டிக் டிக்’ கேட்காவிட்டால் அங்கும் பார்க்க வேண்டியது அதைத்தான். 1990களில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், சில சொட்டுப் பெட்ரோலில் கிளம்பிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரிபொருளின் குறையை இந்த எஞ்சின்கள் எவ்வளவோ பொறுக்கும். பொறியின் குறையைப் பொறுப்பதில்லை.

பாயிண்டைக் கழற்றி எறிந்து எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தலாமே என்பார்கள். டைமிங் நிலையாக நிற்கும், தேய்மானம் இல்லை, இரண்டும் உண்மை. ஆனால் பாயிண்ட் கைவிடுவதற்கு முன்பே பல நாள் அறிகுறி காட்டும், நடுச்சாலையில் ஃபீலர் கேஜும் உப்புத்தாளும் கொண்டு சரியாகும். மின்னணுப் பெட்டி பெரும்பாலும் சொல்லாமல் சாகும், திறந்து பழுது பார்க்கவும் முடியாது. இன்று விற்கும் கண்டன்சர்களிலும் ரோட்டர்களிலும் பல பெட்டியிலிருந்து வரும்போதே நம்ப முடியாதவை. அந்தப் பழியும் பாயிண்டின் தலையில் விழுகிறது. பட்டறைகளிலோ சோதித்துப் பார்க்கும் பழக்கம் போய், பாகத்தை மாற்றிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. வரிசையாகச் சோதிப்பவருக்கு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கச் சில நிமிடம் போதும். அதற்கு முன் ஜெட் நட்டைத் திருகியவர், கார்பரேட்டரைக் குறை சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறார்.