சந்தியில் நிற்பவள்: ஒரு சொல்லின் பொருளும் பயன்பாடும்

'இன்டர்செக்‌ஷனாலிட்டி' எனும் சொல் ஆய்வரங்குகளில் இன்று தாராளமாகப் புழங்குகிறது. ஒருவருக்குப் பல அடையாளங்கள் உண்டு என்பதே அதன் பொருள் எனப் பலர் கொள்கின்றனர். அவ்வளவுதான் எனில், அதற்குப் புதிய சொல் தேவையில்லை.

1989இல் இச்சொல்லை முன்வைத்தவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா. அவர் ஆராய்ந்த வழக்குகளுள் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்திற்கு எதிராகக் கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்தது. 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. ஆகவே, பணிமூப்பு அடிப்படையிலான ஆட்குறைப்பு அவர்களையே கடுமையாகத் தாக்கியது. வெள்ளையினப் பெண்கள் முன்னரே பணியில் இருந்தமையால் பால் பாகுபாடு இல்லை என்றது 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பு. நிறப் பாகுபாடு குறித்து வேறொரு வழக்குடன் இணையுமாறு கூறியது. இரண்டையும் சேர்த்து முறையிட இடமளிக்கவில்லை. நாற்சந்தியில் விபத்துக்குள்ளானவரை எந்தச் சாலையின் கணக்கிலும் சேர்க்காத நிலை இது. இச்சொல் சுட்டுவது அடையாளங்களின் தொகையை அன்று. இரு வகைப்பாடுகளுக்கிடையே நீதி நழுவும் இடைவெளியையே.

அவ்விடைவெளி ஐரோப்பாவிலும் உண்டு. ஹிஜாப் அணிய விரும்பியதால் வேலை இழந்த பெல்ஜிய முஸ்லிம் பெண்ணின் வழக்கில், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அனைத்துச் சமயச் சின்னங்களையும் ஒருசேரத் தடுக்கும் பணியிட விதி நேரடிப் பாகுபாடு ஆகாது என்பது அதன் முடிவு. மறைமுகப் பாகுபாடாக இருக்கலாம் என்பதை மட்டும் அது ஏற்றது. வழக்கு சமயத்தைப் பற்றியதாகவே நோக்கப்பட்டது. பால் சமத்துவம் வேறொரு சட்டத்தின் பொருள். விதியின் சுமையைத் தாங்கியவளோ ஒரே பெண். ஊதிய வெளிப்படைத்தன்மை குறித்த 2023ஆம் ஆண்டு ஐரோப்பியச் சட்டமே இத்தகைய கூட்டுப் பாகுபாட்டை வெளிப்படையாக ஏற்றது.

ஆயின், இச்சொல்லைப் பிறரை நோக்கி மட்டும் நீட்டுவது நேர்மையன்று. குடும்ப வன்முறை பற்றிய காவல்துறைப் புள்ளிவிவரங்கள் வெளியானால் தம் சமூகத்திற்கு இழுக்கு நேரும் எனச் சிறுபான்மையினரிடையே நிலவிய அச்சத்தையும் கிரென்ஷா 1991இல் பதிவு செய்தார். சமூகத்தின் மானம் காக்கப் பெண்ணின் காயம் மறைக்கப்படுமாயின், அவளைச் சந்தியில் தனியே நிறுத்தியவர்களுள் நாமும் அடங்குவோம். இக்கேள்வியை நம்மிடமே எழுப்பும்போதுதான் இச்சொல்லைக் கையாளும் தகுதி நமக்கு வாய்க்கிறது.