எச்சரிக்கை மணியும் அதன் கையேடும்

இரவு நேரத்தில் விக்கிரவாண்டி நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தித் தேநீர் அருந்தியிருக்கிறீர்களா? கனமான லாரி ஒன்று கடந்து செல்லும். பூட்டிக் கிடக்கும் கார் ஒன்று திடீரென அலறும். திருடன் எவனும் இல்லை. தரையின் அதிர்ச்சி, காரிலுள்ள அதிர்வுணர் உறுப்பை ஏமாற்றிவிட்டது.

திருட்டு எச்சரிக்கைக் கருவியோடு தரப்படும் சிறு கையேட்டில் இதற்கு வழி உண்டு: உணர்திறனைக் குறைக்க வேண்டும். லாரிக்கு இது சரியான மருந்துதான். ஆனால் மழை ஓய்ந்த விடியற்காலையில், ஆளரவமற்ற தெருவில் மணி அலறினால்? அதற்கும் இதே மருந்துதான்! நான் பார்த்த கையேடுகளின் பெருங்குறை இது.

பல கார்களில், கதவு திறந்ததும் கதவுச் சுவிட்சு ஒரு கம்பியைக் காரின் உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைக்கிறது. சுவிட்சில் ஈரம் புகுந்தால், மூடிய கதவும் திறந்ததாகவே கருவிக்குத் தோன்றும். உணர்திறனை எவ்வளவு குறைத்தும் பயனில்லை. மணியை எழுப்பியது கதவா, அதிர்வா என்பதைச் சிறு விளக்கின் மின்னல்களை எண்ணியே பல கருவிகளில் அறியலாம். இந்த அருமையான செய்தி கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் கிடக்கிறது.

சிவப்பு பாட்டரிக்கு, கறுப்பு எர்த்துக்கு என்பதோடு மின்பகுதி முடிந்துவிடுகிறது. எங்கே, எதை அளப்பது? மணி முனகினால் மெக்கானிக் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கிறார். அது 12 வோல்ட் காட்டுகிறது. பெட்டி போய்விட்டது என்கிறார். அவசரத் தீர்ப்பு! மின்னோட்டம் பாயாதபோது, துருப்பிடித்த இணைப்பும் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். பள்ளியில் படித்த ஓம் விதியை நினைவுகூருங்கள். அரை ஓம் தடையுள்ள இணைப்பு வழியாக, சைரனும் சிக்னல் விளக்குகளும் சேர்ந்து 5 ஆம்பியர் இழுத்தால், இரண்டரை வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். ஆகவே மணியை ஒலிக்கவிட்டு, பாட்டரியின் நேர்முனைக்கும் கருவியின் சிவப்புக் கம்பிக்கும் இடையே அளந்து பாருங்கள். வோல்ட் கணக்கில் காட்டினால் குற்றவாளி பெட்டியன்று, இணைப்பே. எர்த் பக்கமும் இவ்வாறே.

பாட்டரி வடிவதைப் பற்றியும் கையேட்டில் பேச்சில்லை. நிற்கும் காரில் 50 மில்லிஆம்பியர் ஓடினால் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி செலவு. 40 ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதி, ஏறத்தாழ 17 நாளில் தீரும். மின்னழுத்த வீழ்ச்சியைக் கண்டே ஒலிக்கும் கருவிகளும் உண்டு. அவை அப்போது வேறு கூச்சலிடலாம்!

அடுத்த பதிப்பில் ரிமோட்டின் வண்ணப்படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால், இந்த அளவுகளுக்கெல்லாம் தாராளமாக இடம் கிடைக்கும்.