காற்பந்துச் சுவைஞரின் ஊடல்

திறனாய்வு என்றதும் நூலும் நூலாசிரியரும் மட்டுமே நினைவுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் மொழி உணர்ச்சியோடு வழங்கும் இடங்கள் வேறு பலவும் உள. அவற்றுள் ஒன்று காற்பந்துத் திடலின் படிக்கட்டு. தன் குழு தோற்ற நாளில் அரங்கைவிட்டு வெளியேறும் சுவைஞன் ஒருவன் பேசுவதைச் செவிமடுத்தால், அதில் முறையீடு உண்டு, வசை உண்டு, பழம்பெருமை உண்டு, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டேன் என்னும் சூளுரையும் உண்டு. அடுத்த வாரம் அவன் வந்துவிடுவான். இதனை அறிவின்மை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஓர் உணர்வு நிலையாகக் கொண்டு ஆராய்வதே பயனுடையது.

அகப்பொருள் மரபில் இந்நிலைக்குப் பெயர் உண்டு. மருதத்திற்கு உரிப்பொருளாக வகுக்கப்பட்ட ஊடல் பிரிவு அன்று. பிரிய மனம் இல்லாதவரின் சினம். திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களான புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை ஆகியவை இச்சினத்தையே பலவாறாகக் காட்டுகின்றன. தலைவன் தும்மினாலும் குற்றம், தும்மலை அடக்கினாலும் குற்றம் என்று காணும் தலைவி அங்கே வருகிறாள். மூன்று கோல் போட்டு வென்ற நாளிலும் தற்காப்பு சரியில்லை என்று முணுமுணுக்கும் சுவைஞனை அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பொருத்தம் விளங்கும். வள்ளுவரோ ஊடலை உப்போடு ஒப்பிட்டு, அளவு மிகலாகாது என்றும் சொல்லிவைத்தார்.

இந்த ஊடலை ஆங்கிலத்தில் ஒரு நூலின் முழுப்பொருளாக்கியவர் நிக் ஹார்ன்பி. 1992இல் வெளிவந்த அவருடைய 'ஃபீவர் பிட்ச்', ஆர்சனல் கழகத்தின் சுவைஞராகத் தாம் கழித்த ஆண்டுகளை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்து எழுதிய தன்வரலாறு. 1968இல் தந்தையாரோடு சென்று முதல் ஆட்டத்தைப் பார்க்கும் சிறுவன், 1971இல் தன் கழகம் லீக் பட்டத்தையும் எஃப்.ஏ. கிண்ணத்தையும் ஒருசேர வெல்லக் காண்கிறான். அடுத்த லீக் பட்டம் கைக்கு எட்டியது 1989 மே 26ஆம் நாள், லிவர்ப்பூலின் ஆன்ஃபீல்டு திடலில், ஆட்டம் முடியும் தறுவாயில் மைக்கேல் தாமஸ் போட்ட கோலால். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளின் வறட்சிதான் நூலின் விளைநிலம். மகிழ்ச்சிக்குச் சில பக்கங்கள், ஏமாற்றத்திற்கு எஞ்சிய பக்கங்கள் என்னும் அந்த அளவுமுறையே நூலின் உண்மைத்தன்மைக்குச் சான்று.

எனினும் நூலுக்கு ஓர் எல்லையும் உண்டு. ஹில்ஸ்பரோ அவலம் போன்ற பொதுச் செய்திகளை ஆசிரியர் தொடாமல் இல்லை. ஆனால் அவருடைய கண் பெரும்பாலும் தம் நெஞ்சின் மீதே நிலைத்திருக்கிறது. அணி ஏன் தோற்றது என்பதைவிட, தோற்றபோது தமக்கு என்ன நேர்ந்தது என்பதே அவருக்கு முதன்மை. கழகத்தை நடத்துவோர் அந்நூலில் வானிலைபோல் தொலைவில் இருக்கின்றனர். சுவைஞனின் குறை ஆட்டத்தோடு நில்லாமல் ஆள்வோரை நோக்கித் திரும்பும்போது அதன் இயல்பே மாறிவிடுகிறது. அங்கே அகம் முடிந்து புறம் தொடங்குகிறது. அதனைக் காண வேறோர் ஊருக்குச் செல்லவேண்டும்; மலேசியத் தொடர்பு உள்ள ஊர் அது.

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபில், 1899ஆம் ஆண்டு ரிவர்சைடு என்னும் கிரிக்கெட் கழகத்தைச் சேர்ந்தோர், குளிர்காலத்திலும் தோழர்கள் பிரிந்துவிடாதிருக்கக் காற்பந்துக் குழு ஒன்றை அமைத்தனர். பின்னர் அது கார்டிஃப் சிட்டி ஆயிற்று. 1910இல் நினியன் பார்க் என்னும் திடலில் குடியேறியது. 1911இல் பெல்ஜிய நாடகாசிரியர் மேட்டர்லிங்கின் 'நீலப் பறவை' நாடகம் அந்நகரில் நடிக்கப்பட்டது. அதன் தாக்கத்தால் நீலச்சட்டை அணிந்த குழுவுக்கு 'நீலப் பறவைகள்' என்னும் பெயர் வாய்த்தது என்பர். நாடகமேடை ஒன்று காற்பந்துக் கழகத்துக்குப் பட்டப்பெயர் சூட்டிய செய்தி இலக்கிய மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது. 1927இல் வெம்பிளியில் ஆர்சனலை ஒன்றுக்குச் சுழியம் என வென்று எஃப்.ஏ. கிண்ணத்தை அவர்கள் கொண்டுசென்றனர். இங்கிலாந்துக்கு வெளியே அக்கிண்ணம் சென்றது அந்த ஒருமுறைதான்.

2010இல் கழகம் வரிக்கடனால் மூடப்படும் நிலையில் இருந்தபோது, மலேசிய முதலீட்டாளர்கள் அதனை ஏற்றனர். அவர்களுள் முதன்மையானவர் பெர்ஜயா குழுமத்தின் நிறுவனர் டான்ஸ்ரீ வின்சென்ட் டான். அவர் பணம் வராதிருந்தால் கழகம் என்னவாகியிருக்கும் என்பதை எவரும் மறந்துவிடலாகாது. 2012 மே மாதத்தில், சட்டையின் நிறத்தை நீலத்திலிருந்து சிவப்பாக மாற்றும் திட்டம் கசிந்தது. எதிர்ப்பு எழவே கைவிடப்பட்டதாக அறிவித்தனர். அடுத்த மாதமே, மாற்றம் உறுதி என்னும் அறிவிப்பு வந்தது. சின்னத்திலும் பறவை சிறுத்தது. செந்நிற டிராகன் நடுவிடம் பெற்றது. சிவப்பு மங்கலமான நிறம், ஆசிய நாடுகளில் கழகத்திற்கு ஆதரவு பெருகும், டிராகன் வேல்சுக்கும் ஆசியாவுக்கும் பொதுவானது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். கடன்தீர்ப்பும் அரங்க விரிவும் புதிய பயிற்சித் திடலும் அதனுடன் சேர்த்துப் பேசப்பட்டன.

காரணங்கள் மேலோட்டமாகப் பார்க்கத் தவறற்றவையே. வேல்ஸ் நாட்டுக் கொடியில் இருப்பது செந்நிற டிராகன்; நாட்டுக்குழு ஆடும்போது கார்டிஃப் மக்களும் சிவப்பே அணிவர். அங்ஙனமாயின் கழகச் சட்டை மட்டும் சிவந்தால் என்ன குற்றம்? ரிவர்சைடு குழுவினர் தொடக்கத்தில் அணிந்ததும் நீலம் அன்று. பழுப்பும் மஞ்சளும் கலந்த சட்டை. நிறம் அப்போதும் மாறியதுதானே?

இவ்வினாக்களுக்குப் புறத்திணையே நல்ல விடை தருகிறது. போந்தை, வேம்பு, ஆர் என்னும் மூன்று பூக்களையும் தொல்காப்பியம் மூவேந்தர்தம் படைகள் சூடியவையாகச் சொல்கிறது. பூ அரசனின் அணிகலன் மட்டும் அன்று. எந்தப் பக்கத்தவர் என்பதற்குப் படையே தாங்கிய அடையாளம். அன்றியும், ஒரே வீரன் ஆநிரை கவரச் செல்கையில் வெட்சியும் மீட்கச் செல்கையில் கரந்தையும் சூடுகிறான். எந்தப் பூவும் தன்னளவில் உயர்ந்ததுமன்று, தாழ்ந்ததுமன்று. சூடும் வினைதான் அதற்குப் பொருள் தருகிறது. நாட்டுக்காகச் சிவப்பும் ஊர்க்கழகத்துக்காக நீலமும் அணிந்த கார்டிஃப் சுவைஞரிடம் முரண் ஏதும் இல்லை. முரண் எங்கே என்றால், கடலின் அக்கரையிலுள்ள போட்டியாளரான பிரிஸ்டல் சிட்டியின் நிறம் சிவப்பாக இருக்க, அதையே தம் மைந்தருக்கும் அணிவிக்கவேண்டி வந்ததுதான். சிலாங்கூர் குழுவின் சிவப்பையும் மஞ்சளையும் கழற்றிவிட்டு வேறொரு மாநிலத்தின் நிறத்தைப் பூட்டினால், ஷா ஆலம் சுவைஞர் என்ன சொல்வார் என்று எண்ணிப் பார்த்தால் போதும். முதல் சட்டையை மாற்றிய காலத்தில் கழகத்துக்குப் பாட்டனார் நினைவு என்று ஒன்று இருக்கவில்லை. 2012இல் அது நான்கு தலைமுறை ஆழம் கொண்டிருந்தது.

இவ்வளவும் சுவைஞர் பக்கம் நின்று சொல்லத்தக்கவை. அவர்களையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். முதலீடு வருமானால் எந்த நிறமும் சம்மதம் என்று பேசியவர்கள் அவர்களுக்குள்ளேயே பலர். எதிர்த்தவரைக் கழகத்தின் வளர்ச்சிக்குப் பகைவர் என்று ஏசியவரும் உண்டு. 2013இல், சிவப்புச் சட்டையில், இரண்டாம் பிரிவின் பட்டத்தை வென்று கழகம் பிரிமியர் லீக்கை அடைந்தபோது, ஐம்பத்தோர் ஆண்டுக்குப் பின் தலைப்பிரிவில் இடம்பெற்ற களிப்பில் நீலத்தின் குரல் தாழ்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியை மூன்றுக்கு இரண்டு என வீழ்த்திய நாளில் நிறத்தை நினைத்து வருந்தியவர் எத்தனை பேர்? கொள்கைக்காக எழுந்த குறை வெற்றியில் அடங்கித் தோல்வியில் தலைதூக்குமானால், அதன் தூய்மையில் ஐயம் எழுவது இயல்பே. ஆனாலும் வென்ற நாளிலும் நீலத் துண்டோடு வந்து, தாங்கள் என்றும் நீலமே என்று முழங்கியவர்கள் ஒரு கூட்டமாக இருந்தனர். முறையீட்டின் நேர்மை அவர்களால் காக்கப்பட்டது.

பின்னர் நடந்தவை விரைவாகவே நடந்தன. 2013 அக்டோபரில் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தவர் விலக்கப்பட்டார். டிசம்பர் 27இல், கழகத்தைத் தலைப்பிரிவுக்கு உயர்த்திய மேலாளர் மால்கி மக்காய் நீக்கப்பட்டார். அடுத்து வந்த ஓலே குன்னர் சோல்ஸ்கியாரால் சரிவைத் தடுக்க இயலவில்லை. 2014 மே மாதத்தில் 30 புள்ளிகளோடு இருபதாவது இடத்தில், அதாவது கடைசியில், கழகம் வீழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சில் சுவைஞர்கள் நீலம் வேண்டி ஊர்வலம் சென்றிருந்தனர்.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானை இங்கே நினைவுக்கு வராமல் இராது. அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறுநிலத்து நெல்லும் யானைக்குப் பல நாளுக்கு ஆகும். யானை தானே வயலில் புகுந்தால் வாயில் புகுவதைவிடக் காலில் மிதிபடுவதே மிகுதி. அப்பாட்டின் துறை செவியறிவுறூஉ. அரசனை வெறுத்துப் பாடியது அன்று. அவன் செவியில் உறைக்கவேண்டும் என்று பாடியது. கார்டிஃப் சுவைஞரின் குறைகூறலும் அதன் நல்ல பகுதியில் அத்துறையைச் சார்ந்ததே. உரிமையாளர் வெளியேறவேண்டும் என்று கூவியவரைவிட, பணம் உங்களுடையது, நிறம் எங்களுடையது என்று பிரித்துச் சொன்னவரே பயன் விளைவித்தனர். 2015 ஜனவரி 9ஆம் நாள், சுவைஞர் பிரதிநிதிகளோடு நடந்த பேச்சுகளை அடுத்து, நீலம் திரும்புவதாகக் கழகம் அறிவித்தது. மறுநாள் ஃபுல்ஹாமுக்கு எதிராக நீலச் சட்டையோடு இறங்கி ஒரு கோலால் வென்றது. டான்ஸ்ரீ வின்சென்ட் டான் தம் முடிவிலிருந்து இறங்கி வந்தார் என்பதையும் அவருக்குரிய சிறப்பாகவே சொல்லவேண்டும். செல்வமும் அதிகாரமும் உடையோர் பலர் அவ்வளவும் செய்வதில்லை.

இந்நாட்டில் நிகழ்ந்தது இதனின் வேறானது. 1994இல் வெளிப்பட்ட ஆட்டச் சூதாட்ட ஊழலில் மலேசிய ஆட்டக்காரர் பலர் இடைநீக்கமும் தண்டனையும் பெற்றனர். அதன்பின் அரங்குகள் வெறிச்சோடின. மொக்தார் டஹாரியையும், கோல்காவலர் ஆறுமுகத்தையும் காண மெர்டேக்கா அரங்கில் நெருக்கியடித்த தலைமுறை, ஊர்வலமும் போகவில்லை, முழக்கமும் இடவில்லை. வீட்டில் தொலைக்காட்சியில் ஆங்கிலக் கழகங்களின் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்துவிட்டது. அதனை ஊடல் என்று சொல்ல இயலாது. அது பிரிவு. கார்டிஃபின் கூச்சலைக் கேட்டு முகஞ்சுளிக்கும் நிருவாகிகள் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். 'எனக்குப் பிடித்த விளையாட்டு' என்று தலைப்புக் கொடுத்தால், காற்பந்து உலகப் புகழ்பெற்றது, பதினொருவர் ஆடுவது, உடலுக்கு நலம் பயப்பது என்று மூன்று வரியோடு மாணவனின் எழுதுகோல் நின்றுவிடுகிறது. அதே மாணவன் திங்கட்கிழமை காலையில், மான்செஸ்டர் யுனைடெட் ஏன் தோற்றது, யாரை வாங்கியது தவறு, யாரை விற்றது தவறு என்று இடைவேளை முழுவதும் காரணகாரியத்தோடு பேசுகிறான். அவனிடம் கருத்து இல்லை என்று ஆசிரியர் எழுதும் குறிப்பு சரியன்று. 'என் கழகத்தின் மேலாளருக்கு ஒரு முறையீட்டுக் கடிதம்' என்று தலைப்பு மாறினால், வசை எது, குற்றச்சாட்டு எது, சான்று எது எனப் பிரித்தறியும் பயிற்சி தானே அமையும். செவியறிவுறூஉத் துறையைக் கற்பிக்கவும் அதைவிட எளிய வாயில் இல்லை.

கார்டிஃபின் கதை 2015இல் முடியவில்லை. 2018இல் நீல் வார்னாக்கின் தலைமையில் கழகம் மீண்டும் பிரிமியர் லீக்கை எட்டி, ஒரே ஆண்டில் இறங்கியது. மேலாளர்கள் வந்தனர், போயினர். 2024 செப்டம்பரில் எரோல் புலுட் நீக்கப்பட்டார். அடுத்துப் பொறுப்பேற்ற ஓமர் ரிசா 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டார். எஞ்சிய மூன்று ஆட்டங்களுக்கு, அக்கழகத்தில் வளர்ந்த ஆரன் ராம்சி பொறுப்பேற்றார். இருபத்து நான்கு அணிகளில் கடைசியாக முடித்துக் கழகம் மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 2003க்குப் பின் அதுவரை அங்கே அது ஆடியிருக்கவில்லை. திட்டம் எங்கே, ஆட்டக்காரரைத் தேர்பவர் யார், மேலாளருக்குக் காலம் கொடுக்காதது ஏன் என்று சுவைஞர் கேட்டனர். நிறத்தைப் பற்றிக் கேட்க இம்முறை ஒன்றும் இருக்கவில்லை. நீலச் சட்டையிலேயே தோற்றிருந்தனர்.