நடுவர் குழுவின் நடுநிலை

ஐக்கிய அமெரிக்காவின் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கத்தில் விதிமீறல்களுக்குத் தீர்ப்பளிப்போர் பெரும்பாலும் உறுப்புக் கல்லூரிகளின் அலுவலர்களே. தத்தம் கல்லூரியின் வழக்கில் அவர்கள் அமர்வதில்லை. அவ்வளவில் நடுநிலை நிறைவெய்திவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. இக்கொள்கையின் போதாமை 2010 ஆம் ஆண்டுத் தென் கலிபோர்ணியப் பல்கலைக்கழக வழக்கிலே புலனாகும்.

றெஜி புஷ் என்னும் உதைபந்தாட்ட வீரரும் குடும்பத்தினரும் வெளியாரிடம் பணமும் வசதிகளும் பெற்றமை அவ்வழக்கின் மையம். பல்கலைக்கழகத்தின்மீது சுமத்தப்பட்ட பிழையோ கண்காணிப்பின்மை. ஈராண்டுக்குப் பருவ இறுதிப் போட்டித் தடையும் 30 புலமைப்பரிசில்களின் இழப்பும் தண்டனையாயின. தீர்ப்பளித்த குழுவின் தலைவர் போல் டீ, 1993 முதல் 2008 வரை மயாமிப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பணிப்பாளராயிருந்தவர்.

2011 ஆகஸ்ற்றில் வெளிவந்த செய்தியொன்று, 2002 முதல் 2010 வரை நெவின் ஷப்பிரோ என்னும் நிதி மோசடிக்காரர் அதே மயாமியின் வீரர்களுக்குப் பணமும் பரிசுகளும் வழங்கிவந்தாரென்றது. அக்காலத்தின் பெரும்பகுதி டீயின் பதவிக்காலமாகும். அவர் இவற்றை அறிந்திருந்தாரெனக் கூறுதல் நியாயமன்று; தென் கலிபோர்ணியாவின் குற்றமும் இதனாற் குறைவதில்லை. ஆயின் அறியாமையை மன்னிக்கவொண்ணாத குற்றமென அளந்த கோல் அவர் தலைமையிலே பிடிக்கப்பட்டதன்றோ? தன் அடுக்களை புகைவதறியாதவர் அயலாரின் அடுப்பைச் சோதித்தது போன்றது இது.

2013 இல் மயாமியிடமும் கண்காணிப்பின்மையே காணப்பட்டது. அப்பல்கலைக்கழகம் இரு பருவங்கள் தானாகவே இறுதிப் போட்டிகளிலிருந்து விலகியிருந்தது மெய். எனினும் அது இழந்த உதைபந்தாட்டப் புலமைப்பரிசில்கள் 9 மாத்திரமே. வெளியாரைக் கொண்ட தனி விசாரணை முறையொன்று 2019 இல் தொடங்கப்பட்டது. அதன் இறுதி வழக்கு 2023 இல் முடிவுற, அதிகாரம் மீண்டும் பழைய குழுவிடமே முழுமையாகச் சேர்ந்தது.