குற்றப் புள்ளியியலில் நம் பள்ளி

குற்றத்தையும் சமூகத்தையும் எண்ணால் ஆராய்ந்த மரபுகளைப் பற்றி எழுதும்படி நம் சங்கத்தின் மலர்க்குழுவினர் பணித்தார்கள். மூத்தோர் பலர் இருக்க என்னை அழைத்தது அவர்களுடைய அன்பு.

குற்றப் புள்ளியியலின் முன்னோடிகளான கெர்ரி, கெத்லே இருவரின் வரலாறு நம் உறுப்பினர்களுக்குப் புதிதல்ல. பிரெஞ்சு நீதித்துறை 1827 முதல் வெளியிட்ட ஆண்டு அட்டவணைகள்தாம் இருவருக்கும் மூலப்பொருள். வானியலாளரான கெத்லே, தெரியவந்த குற்றங்களுக்கும் தெரியாமலே போனவற்றுக்கும் உள்ள விகிதம் மாறாதிருந்தால்தான் தம் முடிவுகள் நிற்கும் என்று வெளிப்படையாக எழுதிவைத்தார். இத்துறையின் ஒழுக்கம் அங்கே தொடங்குகிறது.

நம் நாட்டில் தொடக்கம் பெருமைக்குரியதல்ல. முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1872இல் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டே குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. பல சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பட்டியலிட்ட அந்தச் சட்டம் 1952இல்தான் ஒழிந்தது. எண்ணும் முன்பே தீர்ப்பு எழுதிய அந்த வேலையைப் புள்ளியியல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் மகலனோபிஸ் பள்ளி 1950இல் தேசிய மாதிரி ஆய்வைத் தந்தது. காவல்துறைப் பதிவுகளைத் தொகுக்கும் பள்ளி 1953ஆம் ஆண்டிலிருந்து ‘இந்தியாவில் குற்றம்’ அறிக்கையை வெளியிட்டு வருகிறது. 1986 முதல் அந்தப் பொறுப்பு தேசிய குற்றப் பதிவுகள் பணியகத்திடம் இருக்கிறது. இவ்விரு பள்ளிகளையும் மதிக்கிறேன். ஆனால் நான் வளர்ந்தது தில்லி மான்சிங் சாலையில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பள்ளியில். 1951 கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ. கோபாலசாமி ஐ.சி.எஸ். காலத்தில் பணியில் சேர்ந்தவர் எங்கள் ஆசிரியர். எந்த விகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும், “மேலே இருக்கிறது இருக்கட்டும். கீழே எந்த வருஷத்து ஜனத்தொகைய்யா?” என்பார். பதில் தெரியாவிட்டால் தாள் திரும்பி வந்துவிடும். எத்தனை பெரிய அதிகாரி கேட்ட தாளானாலும் அதே கதிதான்.

அந்தக் கேள்வியை இன்று யார் கேட்கிறார்கள்? ‘இந்தியாவில் குற்றம்’ 2022ஆம் ஆண்டு அறிக்கையில் பெருநகரங்களின் குற்ற விகிதத்தைப் பாருங்கள். தொகுதி 2022இன் வழக்குகள். பகுதி 2011இன் மக்கள்தொகை. பதினோரு ஆண்டுகளில் தில்லியில் குடியேறியவர்கள் குற்றக் கணக்கில் உண்டு, தலைக்கணக்கில் இல்லை. அறிக்கை இதை மறைக்கவில்லை, அட்டவணையிலேயே குறித்திருக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் கொலை மட்டுமே எண்ணப்படும் என்பதையும், வழக்குப்பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்பதையும் சொல்லியே இருக்கிறது. எடுத்தாள்பவர்கள்தான் குறிப்பை வெட்டிவிட்டு நகரங்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் வழங்குகிறார்கள். யாரையும் குறித்து இதைச் சொல்லவில்லை. இளையவர்களில் கடும் உழைப்பாளிகள் உண்டு, கணினியில் அவர்களுடைய திறமை எங்களுக்கு வாய்க்காதது. ஆயினும் வகுக்கும் எண்ணைக் கேட்காத தலைமுறை எதைத்தான் கேட்கும்? இன்று குற்ற விகிதம், நாளை பள்ளிச் சேர்க்கை, மறுநாள் ரேஷன் அரிசி. இது ஓர் அலுவலகத்தின் சரிவல்ல, நாட்டின் அறிவொழுக்கமே குலைவது என்று அஞ்சுகிறேன்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதுவரையிலாவது, அடிக்குறிப்பு இல்லாத எந்த அட்டவணையையும் நம் சங்கக் கூட்டங்களில் வைக்க வேண்டாம் என்று இளைய உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.