ஸோஹ்ராவுக்கு ஓர் அத்தியாயம் இல்லை

அலெக்ஸாண்ட்ரியாவுக்கு நான் போனதில்லை. ஆனால் இருபது வயதில் அந்த ஊர்மேல் ஒரு பைத்தியமே இருந்தது. காரணம் கவாஃபி. நீர்ப்பாசனத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துக்கொண்டு, கவிதைகளைத் தனித்தாள்களாக அச்சடித்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவந்த கிரேக்கர். அவர் கவிதைகளில் டாலமி காலத்து இளவரசர்களும் இருபதாம் நூற்றாண்டின் காபிக்கடை இளைஞர்களும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் மாதிரி இருப்பார்கள். பிறகு லாரன்ஸ் டர்ரலின் நான்கு நாவல்கள். காதல், துரோகம், கடற்காற்று. ஊரே ஒரு காதலி.

ரொம்ப நாள் கழித்துத்தான் ஒரு கேள்வி வந்தது: இந்த ஊரில் அரபி பேசும் சாதாரண ஜனங்கள் எங்கே? கவாஃபியிடம் அபூர்வமாக வருகிறார்கள். டர்ரலிடம் பணக்கார காப்டிக் குடும்பம் ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் பெரும்பாலும் வேலைக்காரர்கள், கூட்டம், தெரு இரைச்சல்.

டர்ரலின் முதல் நாவல் ‘ஜஸ்டின்’ வந்தது 1957இல். அதற்கு முந்தைய வருஷம், ஜூலை 26 அன்று, இதே அலெக்ஸாண்ட்ரியாவில் நின்றுதான் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்குவதாக அறிவித்தார். போர் வந்தது. பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், யூதர் எனப் பலர் வெளியேற வேண்டியிருந்தது. கிரேக்கர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பினார்கள். பிறந்த ஊரைவிட்டுப் பெட்டியோடு போனவர்களின் வலி பொய்யில்லை. ஆனால் அந்த ஊரின் கவர்ச்சி என்று நான் ரசித்ததில் பாதி, போனவர்களின் ஏக்கம். இருந்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் அதில் இடமில்லை.

அந்த இடத்தைத் திறந்தது நகீப் மஹ்ஃபூஸின் ‘மிராமார்’ (1967). மஹ்ஃபூஸ் கெய்ரோக்காரர். கடலோரத்தில் ஒரு பழைய விடுதி. நடத்துபவர் மரியானா என்ற கிரேக்கக் கிழவி. 1919 புரட்சியில் கணவனையும் 1952 புரட்சியில் வசதியையும் இழந்தவர். அங்கே தங்கியிருக்கும் நான்கு ஆண்கள் கதை சொல்கிறார்கள். வேலைக்காரி ஸோஹ்ரா. ஒரு கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்த்த குடும்பத்திடமிருந்து தப்பி, கிராமத்திலிருந்து ஓடிவந்தவள்.

இந்த நாவலில் எல்லோரும் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு எதையோ மறக்க வருகிறார்கள், இல்லையென்றால் நினைத்து அழ வருகிறார்கள். ஸோஹ்ரா மட்டும்தான் நாளைக்காக வந்தவள். ஒரு ஆசிரியையிடம் எழுதப் படிக்கக் கற்கிறாள். பேப்பர் விற்பவன் கல்யாணத்துக்குக் கேட்டபோது மறுக்கிறாள். அவள் காதலித்த ஸர்ஹானோ அந்த ஆசிரியையையே கட்டிக்கொள்ளப் பார்க்கிறான்.

விமர்சகர்கள் பலர் ஸோஹ்ராவை எகிப்தின் உருவகம் என்பார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. ஒரு பெண்ணைத் தேசம் ஆக்கிவிட்டால் அவள் என்ன நினைக்கிறாள் என்று கேட்கவேண்டிய வேலை மிச்சம். மஹ்ஃபூஸும் அந்தத் தப்பிலிருந்து முழுசாகத் தப்பவில்லை: நான்கு ஆண்களுக்கும் அத்தியாயம் உண்டு, அவளுக்கு இல்லை. ஆனாலும் அவர் அவளை யாருடைய கதைக்குள்ளும் அடங்க விடவில்லை. ஆண்கள் அவளைப் பார்த்து ஏதேதோ கற்பனை செய்கிறார்கள்; அவள் பாட்டுக்குப் பாடம் படிக்கிறாள். கடைசியில் விடுதியைவிட்டு அனுப்பப்படும்போதும் உடைந்துபோனவளாகப் போவதில்லை.

2002இல் திறந்த அலெக்ஸாண்ட்ரியாவின் புதிய நூலகத்தில், வெளிப்புறக் கருங்கல் சுவர் முழுக்க உலகின் எழுத்து வடிவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ‘பழமையும் புதுமையும் கைகோக்கும் நகரம்’ என்று எழுத அந்தச் சுவரின் படம் ஒன்றே போதும். நானும் அப்படி எழுதியிருப்பேன். இப்போது அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு ஊர் நவீனமாவது கட்டடத்தால் இல்லை. கிராமத்திலிருந்து ஓடிவந்த பெண் வேலை முடித்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படிக்க அங்கே ஒரு மூலை கிடைப்பதால். கவாஃபியை நான் விடப்போவதில்லை. ஆனால் அலெக்ஸாண்ட்ரியா என்றால் இப்போது முதலில் நினைவுக்கு வருவது அவர் இல்லை, அந்தப் பாட நோட்டுதான்.